வருகைப் பதிவேட்டில் இருந்தவள்: அரக்கோணம் தடத்து மாணவி ஒருத்தியின் மூன்றாண்டுகள்

2022-23 கல்வியாண்டில் சென்னைக் கல்லூரி ஒன்றில் இளங்கலைப் பொருளியல் சேர்ந்த ஒரு மாணவி, முதல் ஆண்டு முடிவில் தேவையான 75 விழுக்காட்டுக்கு மேல் வருகை வைத்திருந்தாள். எந்தத் தாளிலும் தோற்கவில்லை. கட்டணம் பாக்கி இல்லை. துறைக் கூட்டங்களில் கவலையோடு பேசப்படும் பெயர்களில் அவள் பெயர் வந்ததே இல்லை. ஆனால் அந்த ஓராண்டில், வீட்டு நிலவரத்தைச் சொல்லும் அளவுக்குப் பழகிய தோழி என்று வகுப்பில் ஒருத்திகூட அவளுக்கு இல்லை.

அவளுடைய வகுப்பு ஆலோசகர் என்ற முறையில் மூன்றாண்டுகளும் அவளோடு பேசினேன். அவள் வரும் ரயிலில் சில நாட்கள் நானும் பயணம் செய்தேன். அவள் தாயோடும் வகுப்புத் தோழிகளோடும் பேசினேன். மாணவியும் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் சொல்லப்போவதில்லை. ரயிலில் வரும் மாணவர்கள் படிக்கட்டுச் சாகசம், கத்தி, கைது என்று ஏதாவது நடந்தால்தான் செய்தியாகிறார்கள். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் திரும்புகிறவர்களே எண்ணிக்கையில் அதிகம். அவர்களில் ஒருத்தியின் கதையாவது முழுமையாகப் பதிவாக வேண்டும் என்பதே என் நோக்கம்.

பின்னணி

சென்னை-அரக்கோணம் ரயில் தடத்தில் உள்ள திருவாலங்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்று அவள் ஊர். தந்தை கொத்தனார். தாய் நூறு நாள் வேலைக்கும் அறுவடைக் காலத்தில் கூலிக்கும் போகிறவர். அரசுப் பள்ளியில் படித்து, அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவள் இவள். தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (18-23 வயதினர் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட மாணவர் எண்ணிக்கை) 2021-22இல் 47 விழுக்காடு; அதே ஆண்டு இந்திய அளவில் 28.4 விழுக்காடு. இந்த இடைவெளியை உண்டாக்கியவர்கள் இவளைப் போன்ற பிள்ளைகள்.

பயணச் செலவு என்ற தடையை அரசு பெருமளவு நீக்கியிருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பட்டப் படிப்பு வரை மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகத் தருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், இவள் கல்லூரியில் சேர்ந்த அதே 2022 செப்டம்பரில் தொடங்கியது. இந்த மூன்றையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இவை இல்லாதிருந்தால் அவளும் ஊரில் உடன் படித்த மற்றப் பெண்களைப் போல விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பாள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவச சீசன் டிக்கெட் உண்டு என்பதே அவளுக்கு முதல் பருவம் முழுவதும் தெரியாது. இங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழை வாங்கி நிலையத்தில் கொடுத்தால் போதும். அதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. விடுதி மாணவிகளுக்கு அது தேவையில்லை; நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்து இருக்கிறது. கடைசியில் சொன்னவர் ரயிலில் பழக்கமான ஒரு பெண்மணி. அதுவரை தந்தை காசு கொடுத்து சீசன் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாளின் கணக்கு

அதிகாலை நான்கரைக்கு எழுந்தால்தான் தண்ணீர் பிடித்து, தாய்க்கு உதவி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கு மேல் வரும் மின்சார ரயிலைப் பிடிக்க முடியும். திருவள்ளூர் வரையும் ஆவடி வரையும் ஓடும் வண்டிகள் நிறைய. திருவள்ளூருக்கு அப்பால் வருபவை குறைவு. ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்ற கவலை அந்தப் பக்கத்துப் பயணிகளுக்கு நாள் முழுவதும் இருக்கும். சென்ட்ரலில், மூர் மார்க்கெட் வளாக நடைமேடையில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா நகர் நிலையத்துக்குப் போய்ப் பறக்கும் ரயில் (உயர்த்திக் கட்டிய பாதையில் ஓடும் நகர ரயில்) ஏறி, கல்லூரி வாசலை அடையும்போது ஒன்பது மணி நெருங்கிவிடும். ஒன்பதுக்கு முதல் வகுப்பு. மதியம் இரண்டரைக்குக் கடைசி வகுப்பு முடிந்ததும் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு. ஒரு மணி நேரம் தாமதித்தால், ஊருக்குள் போகும் பேருந்து போய்விடும். தாய் டார்ச் விளக்கோடு சாலைக்கு வந்து நிற்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் இது இன்னும் இறுகியது. நான்காவது இருப்புப்பாதை அமைக்கும் பணிக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. சில மாதங்கள் என்றார்கள், ஓராண்டைத் தாண்டியது. சென்ட்ரலில் இறங்கும் மாணவர்கள் சிந்தாதிரிப்பேட்டை வரை நடந்தார்கள், அல்லது நெரிசலான பேருந்தில் தொற்றிக்கொண்டார்கள். முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் தாமதம் என்றாலும் 'வரவில்லை' என்று குறிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் முதல் மணி நேரப் பாடத்தில் அவள் வருகை சரிந்தது. அது ஆய்வுமுறைப் பாடம். அவளுக்கு மிகப் பிடித்த பாடம். டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் ஏறி, சென்ட்ரலுக்கு ரயில் போக்குவரத்து நின்றது. கல்லூரி திறந்த பிறகு மற்றவர்கள் தண்ணீர் புகுந்த வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டில் என்ன ஆனது என்று இவளுக்குத் தெரியவில்லை. இவளிடமும் யாரும் கேட்கவில்லை. இதை அவள் என்னிடம் சொன்னபோது குரலில் புகார் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

எது கைநழுவியது

பயண நேரத்தைத்தான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். நான் கண்டவரை, பெரிய இழப்பு வகுப்புக்கு முந்தைய அரை மணி நேரத்திலும் பிந்தைய இரண்டு மணி நேரத்திலும் இருக்கிறது. எந்த ஆசிரியர் எப்படி வினாத்தாள் எடுப்பார், உதவித்தொகைப் படிவத்துக்கு எது கடைசி நாள், பழைய வினாத்தாள் எந்த ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும், மூத்த மாணவிகளில் யார் குறிப்பேட்டைத் தருவார்கள் ஆகியவை எந்த அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படுவதில்லை. மரத்தடியிலும் கேன்டீனிலும் விடுதி வராந்தாவிலும் கைமாறுகின்றன. நட்பும் அங்கேயே உருவாகிறது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் யாரும் தோழியாகிவிடுவதில்லை. வேலையில்லாமல் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் நடந்த ஒரு சம்பவம் இதைத் தெளிவாகக் காட்டியது. கருத்தரங்கக் கட்டுரைக்கு நால்வர் கொண்ட குழுக்களை வரிசை எண்படி பிரித்திருந்தோம். அவள் குழுவில் மற்ற மூவரும் விடுதி மாணவிகள். இரவு எட்டரைக்கு, சாப்பாட்டுக்குப் பின், விடுதியின் படிப்பறையில் கூடினார்கள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். அவள் வீட்டில் அந்தக் கைபேசி தம்பிக்கும் அவளுக்கும் பொது. சிக்னல் வேண்டுமென்றால் மாடிக்குப் போக வேண்டும். அவள் பார்த்துப் பதில் எழுதுவதற்குள் அவர்கள் வேலையைப் பிரித்து முடித்திருந்தார்கள். அவள் பங்குக்கு வந்தது அட்டைப் பக்கமும் நன்றியுரையும். கட்டுரையை முன்வைத்த அன்று, மூன்றாவது பகுதியை விளக்கச் சொல்லி ஆசிரியர் அவளைக் கேட்டார். அவளால் முடியவில்லை. 25 மதிப்பெண் கொண்ட அகமதிப்பீட்டில் அந்தத் தாளில் மட்டும் அவளுக்குக் குறைந்தது.

அந்த மூவரும் நல்ல பிள்ளைகள். தனியாக அழைத்துப் பேசியபோது, "அவளுக்கு இதில் ஆர்வம் இல்லை, மேடம். எப்போதும் கிளம்புவதிலேயே குறியாக இருப்பாள்" என்றார்கள். மனதார நம்பிச் சொன்னார்கள். அவளைக் கேட்டபோது, "எனக்காக மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஏன் தொந்தரவு, மேடம்" என்றாள். ஆர்வமின்மை, கூச்சம், ஒட்டாத குணம் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் எவ்வளவு எளிதாகப் பெயர் வைத்துவிடுகிறோம்! அவற்றில் பாதி, மதியம் மூன்றரைக்கு அவள் பிடித்தாக வேண்டிய வண்டியின் விளைவு.

பிறந்தநாள் விருந்து, கலை விழா ஒத்திகை, துறை மன்றக் கூட்டம் எல்லாம் மாலையில்தான். முதல் இரண்டு முறை அழைத்தார்கள்; வர முடியாது என்றாள். மூன்றாம் முறை யாரும் அழைக்கவில்லை. இதில் குற்றவாளி யாரும் இல்லை என்பதால்தான் இது திருத்தப்படாமலே தொடர்கிறது.

ஊரிலும் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. பள்ளித் தோழிகள் சம்பளம் வாங்கத் தொடங்கினார்கள். ஒருத்திக்குத் திருமணமும் ஆனது. வார நாட்களில் நடக்கும் வீட்டு விசேஷங்களுக்கு இவள் போகவில்லை. பொழுது சாய்ந்து வரும் பெண்ணைப் பற்றித் தெருவில் ஒரு வார்த்தை எழும். தாய் அதைத் தாங்கிக்கொண்டு மகளிடம் சொல்லாமல் மறைப்பார். "கல்லூரியிலும் விருந்தாளி, வீட்டிலும் விருந்தாளி போல இருக்கிறேன், மேடம்" என்று ஒருநாள் சொன்னாள்.

மகளிர் பெட்டி

அப்படியானால் அவள் தனியாகவா இருந்தாள்? அப்படித்தான் நானும் எண்ணினேன். அவளோடு ரயிலில் போன முதல் நாளே அந்த எண்ணம் மாறியது. மகளிர் பெட்டியில் அவளுக்கென்று இடம் வைத்திருந்தார்கள். கடம்பத்தூரில் ஏறும் செவிலியர், அலுவலகத் தட்டச்சர் ஒருவர், திருநின்றவூரில் ஏறும் இன்னொரு கல்லூரியின் மாணவிகள் இருவர், பூ தொடுத்துக்கொண்டே வரும் ஒரு பாட்டி என ஒரு குடும்பமே அங்கே இருந்தது. எல்லோரையும் அக்கா, பாட்டி என்றுதான் அழைக்கிறாள். கல்லூரியில் வாய் திறக்காதவள் அங்கே ஓயாமல் பேசினாள். கீரை ஆய்வதில் கைகொடுத்தாள். செவிலியர் அவளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இலவச சீசன் பற்றிச் சொன்னவர் தட்டச்சர்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று வழிகாட்டியவரும் அவரே. அவள் பத்தொன்பதாம் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியதும் அந்தப் பெட்டியில், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே.

கல்லூரி தர வேண்டியதில் ஒரு பாதியை அந்தப் பெட்டி தந்தது. மறுபாதியை அதனால் தர முடியவில்லை. முதுகலை நுழைவுத் தேர்வு பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. பாடத்தைப் பற்றி வாதிட ஆள் கிடையாது. அவளுடைய வகுப்பில் யார் எப்படிப்பட்டவர் என்று பேசிச் சிரிக்க வழியில்லை.

தம்பி

2024இல் அவள் தம்பி சென்னையில் வேறொரு கல்லூரியில் சேர்ந்தான். அதே வீடு, அதே தடம். அக்காவுக்கு இரண்டாண்டுகளில் கிடைக்காத கூட்டாளிகள் அவனுக்கு ஒரே வாரத்தில் கிடைத்தார்கள். அவர்கள் கல்லூரியால் கிடைத்தவர்கள் அல்லர், 'ரூட்' மூலம் கிடைத்தவர்கள். சென்னை மாணவர்களிடம் பேருந்துத் தடத்துக்கும் ரயில் தடத்துக்கும் ஒரு குழு, அதற்கு ஒரு 'ரூட் தல', பாட்டு, முழக்கம், எதிர்க் கல்லூரியோடு பகை என்று பல ஆண்டுகளாக ஒரு வழக்கம் நிலைத்திருக்கிறது. புதிதாக வரும் கிராமத்துப் பையனைப் பெயர் சொல்லி அழைத்து, தோளில் கை போட்டு, சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிற முதல் ஆட்கள் அவர்கள்தான். கல்லூரி அவனுக்கு அடையாள அட்டை கொடுப்பதற்கு முன்பே ரூட் அவனுக்கு ஓர் இடம் கொடுத்துவிடுகிறது.

அந்த இடத்துக்கான விலையை 2024 அக்டோபரில் எல்லோரும் பார்த்தோம். திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டார். சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். வயது 19. பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் கைதானார்கள். 1840இலும் 1842இலும் தோன்றிய, தமிழ்நாட்டின் எத்தனையோ தலைமுறைகளைப் படிக்க வைத்த இரண்டு கல்லூரிகளின் பெயர்கள் இப்படியா சேர்ந்து அச்சாக வேண்டும்!

அதற்குப் பிறகு நடைமேடைகளில் காவலர்கள் நின்றார்கள், பைகளைச் சோதித்தார்கள். தேவையான நடவடிக்கைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் நடந்தது வேறு. பையனை என்ன செய்வது என்று தெரியாத தந்தை, முதலில் மகளை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். ரயில் என்றாலே பயம் வந்துவிட்டது. செவிலியர் தொலைபேசியில் பேசி, "நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணா" என்று உறுதி கொடுத்த பிறகே அவள் திரும்ப வந்தாள். கல்லூரி தன் நிலையில் அனுப்பிய சுற்றறிக்கை அவர்கள் வீட்டை எட்டவே இல்லை.

அக்காவுக்கும் தம்பிக்கும் இருந்த குறை ஒன்றே: படிக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. அக்காவுக்கு அந்த வெற்றிடத்தில் செவிலியர் கிடைத்தார். தம்பிக்குக் கிடைத்தது ரூட். காவல் துறை நடவடிக்கை ரூட்டை மட்டுமே தொடும். வெற்றிடம் அப்படியே இருக்கும்.

செய்து பார்த்தவை

இரண்டாம் ஆண்டு இறுதியிலிருந்து துறையில் சில மாற்றங்கள் செய்தோம். குழு வேலைக்கென்று வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணைக்குள்ளேயே கொண்டுவந்தோம். முதல் மணி நேரத்தில் ரயில் தாமதத்துக்குப் பத்து நிமிடச் சலுகை தர ஆசிரியர்கள் பெரும்பாலும் இசைந்தார்கள்.

எதிர்பாராத பலன் தந்தது குழுப் பிரிப்பு. வரிசை எண்ணை விட்டுவிட்டு, களஆய்வுக்கு ஒவ்வொரு குழுவிலும் ஒரே தடத்தில் வரும் இருவர், விடுதியிலிருந்து இருவர் என்று அமைத்தோம். அவள் குழு எடுத்த தலைப்பு: மின்சார ரயிலில் வியாபாரம் செய்யும் பெண்களின் தண்டல் கடன். கொய்யா, சமோசா, ஹேர் கிளிப் விற்கும் பெண்களை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். காலையில் வாங்கும் முதலுக்கு மாலையில் எவ்வளவு திருப்பித் தருகிறார்கள் என்பதை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளிடம் சொன்னார்கள். விடுதி மாணவிகள் இருவரும் திருவள்ளூர் வரை அவளோடு போய்வந்தார்கள். யாரிடம் எப்போது பேசலாம், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பயணத்தால் வகுப்பில் பின்தங்கியவள், அதே பயணத்தால் வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவளாக நின்ற நாள் அது. முதலாண்டில் நன்றியுரை எழுதியவள் இந்த முறை முடிவுரையை வாசித்தாள்.

இன்னொன்று நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம். தந்தை முதலில் மறுத்தார். தாய் பேசி அனுப்பி வைத்தார். ஓர் அரசுப் பள்ளி வகுப்பறையில் மாணவிகள் பாய் விரித்துப் படுத்தார்கள். இரவில் வகுப்புத் தோழிகளோடு பேசிக்கொண்டிருப்பது அவளுக்கு அதுவே முதல் முறை. வருடக்கணக்கில் வகுப்பறை தராததை அந்த ஏழு இரவுகள் தந்தன என்று உறுதியாகச் சொல்வேன். 2025 ஜனவரியில் திருவாலங்காட்டு ஆருத்ரா தரிசனத்துக்கு இரண்டு தோழிகள் அவள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். தெருப் பேச்சு அதற்குப் பிறகு குறைந்தது என்றார் தாய்.

பலிக்காதவையும் உண்டு. துறை மன்றக் கூட்டத்தை மதியத்துக்கு மாற்றினோம். அது விடுதியின் உணவு நேரம் என்பதால் விடுதி மாணவிகள் வரவில்லை. கலை விழா ஒத்திகை இன்றும் மாலையில்தான் நடக்கிறது. நூலகம் எட்டரைக்குத் திறந்தால் முன்னதாக வருகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். பணியாளர் இல்லை என்று அந்த வேண்டுகோள் நிலுவையில் இருக்கிறது.

இப்போது

2025இல் அவள் முதல் வகுப்பில் தேறினாள். முதுகலைக்கும் விண்ணப்பித்தாள்; நுழைவுத் தேர்வு பற்றிய செய்தியை இந்த முறை அவளுக்கு முதலில் அனுப்பியவர்கள் அந்த விடுதித் தோழிகள். தம்பிக்கு அரசு மாணவர் விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். கிடைக்கும் வரை அவன் அதே வண்டியில் வருவான். அவனுடைய கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சி காலை ஆறு மணிக்கு; கால்பந்து நன்றாக ஆடுகிற அவனால் அதில் சேர முடியவில்லை. அந்தப் பயிற்சியை மதிய இடைவேளைக்குப் பிறகு ஒரு மணி நேரம் நடத்த முடியுமா என்று அங்குள்ள உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். தடத்தில் வரும் பையன்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று பட்டியல் எடுத்துத் தரச் சொன்னார். தம்பியே எடுத்துக்கொண்டிருக்கிறான்.